நாலு கேப்சூலும் ஒரு வெற்று ரிப்போர்ட்டும்: குமரி மாவட்ட மெடிக்கல் ஸ்டோர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மெடிக்கல் ஸ்டோர் அண்ணாச்சிமாருக்கும், கவுண்டருக்குப் பின்னால் காலையில் இருந்து ராத்திரி பத்து மணி வரை நின்றுகொண்டே வேலை பார்க்கும் பார்மசி படித்த தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு லேபில், மைக்ரோபயாலஜி பிரிவில், பதினாறு வருடமாக இருக்கிறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது, ஆனால் உங்கள் கடையில் இருந்து போகிற மாத்திரைக் கவர் சுற்றிச் சுற்றி என் மேசைக்கு வந்துவிடும். கவராக வராது. எதுவும் வளராத பாட்டிலாக வரும்.

திட்டுவதற்காக எழுதவில்லை. ராத்திரி எட்டரை மணிக்கு ஒரு ஆள் வருகிறார், ரப்பர் பால் வெட்டுகிறவர் என்று வையுங்கள், இருட்டு விலகும் முன்பே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்தில் நிற்க வேண்டியவர். “அண்ணாச்சி, காய்ச்சலடிக்குது, நாளைக்குச் சோலிக்குப் போணும், ஒரு செட்டு தாருங்க” என்கிறார். டாக்டரிடம் போனால் ஃபீஸ், பஸ், ஒரு நாள் கூலி, அதற்கு மேல் டோக்கன் வாங்கிக் காத்துக் கிடப்பது. அவர் அப்பாவையும் உங்களுக்குத் தெரியும், அவர் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்றும் தெரியும். இல்லை என்று சொன்னால் நாலு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொள்வார், அதுவும் தெரியும். சரி, கொடுக்கிறீர்கள். பெரும்பாலான காய்ச்சல் தன்பாட்டுக்கு வந்து தன்பாட்டுக்குப் போகிறது, பேர் மட்டும் உங்கள் மாத்திரைக்குக் கிடைக்கிறது. நான் எழுதுவது அப்படித் தன்பாட்டுக்குப் போகாத கொஞ்சப் பேரைப் பற்றி. அதில் ஒருவர் எங்கள் மாமா.

மாமா, அம்மாவின் கூடப்பிறந்தவர், முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊரில் வள்ளம் வைத்திருந்தவர். ஒரு சனிக்கிழமை வலையில் இருந்து மீன் கழற்றும்போது கெளுத்தி முள் வலது காலில் ஏறிவிட்டது. முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, கடல் தண்ணீரிலேயே காலைக் கழுவிக்கொண்டு, வந்த சாளையை ஏலம் போட்டு முடித்துத்தான் வீட்டுக்கு வந்தார். பொழுது சாயும் முன்பே கால் வீங்கிவிட்டது. ராத்திரி பல் கிட்டிக்கிற குளிர். மாமி கடைக்கு ஓடினார். எந்தக் கடை என்று நான் சொல்லப்போவதில்லை, எந்தக் கடையாக இருந்தாலும் அன்றைக்கு அதையேதான் கொடுத்திருக்கும். நாலு ஆன்டிபயாட்டிக் கேப்சூல், நாலு காய்ச்சல் மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை காலையில் காய்ச்சல் இறங்கியது, கோயிலுக்குப் போய்ப் பூசையும் கண்டுவிட்டு வந்தார், மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் இரண்டு வாய் சாப்பிட்டார், வீட்டில் எல்லாருக்கும் உயிர் வந்தது. அன்று ராத்திரி மறுபடி நடுக்கம். “வலைய இழுலே, வள்ளம் மறியுது” என்று சுவரைப் பார்த்துப் பேசினார். அப்புறம்தான் ஆஸ்பத்திரி.

அங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு கையிலும் தனித்தனியாகக் குத்தி, முறையாக ரத்தம் எடுத்து, பிளட் கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்க, அனுப்பினார்கள். பாட்டில் வந்தது எங்கள் லேபுக்கு. லேபிளில் பேரைப் பார்த்ததும் கை நடுங்கியது உண்மை, ஆனாலும் மெஷினில் நான்தான் வைத்தேன்.

அந்த மெஷினை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். ஒரு சின்ன பீரோ மாதிரி இருக்கும், உள்ளே நம் உடம்புச் சூடு. பாட்டிலில் கிருமிகளுக்குத் தேவையான சாப்பாடு எல்லாம் திரவமாக இருக்கும், அதில்தான் ரத்தத்தைச் சேர்க்கிறோம். கிருமி பெருகினால் நம்மைப் போலவே அதுவும் கரியமில வாயுவை விடும், அந்த வாயு பட்டு பாட்டிலின் அடிப்பாகம் பச்சைச் சாம்பலில் இருந்து மஞ்சளாக மாறும். மெஷின் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு அடிப்பாகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கும், நிறம் மாறினால் கத்தும். உண்மையான நோய்க்கிருமி என்றால் பெரும்பாலும் இரண்டு நாளைக்குள் கத்திவிடும். எட்டு, ஒன்பது மணி நேரத்திலேயே கத்தினால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் ரத்தத்தில் கூட்டம் ஏற்கெனவே அதிகம் என்று அர்த்தம். மாமாவின் நாலு பாட்டிலும் கத்தவே இல்லை. ஐந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு, “5 நாள் இன்குபேஷனுக்குப் பின் வளர்ச்சி இல்லை” என்று நானே டைப் அடித்து அனுப்பினேன். அங்கே டாக்டர்கள் எந்தக் கிருமி என்று தெரியாமல், இருட்டில் கல் எறிவதுபோல, இருப்பதிலேயே பெரிய ஊசிகளாகப் போட்டார்கள். 19 நாள் ஐசியூவும் வார்டுமாக. கால் விரலில் இரண்டு போயிற்று. வள்ளத்து எஞ்சினை விற்றார்கள். மாமா இன்றைக்கும் கேட்கிறவர்களிடம், “கெளுத்தி ரெண்டு வெரலத் தின்னுட்டு போச்சு” என்று சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அந்தப் பாட்டில் ஏன் ஊமையாக இருந்தது? இதைத்தான் உங்களிடம் விளக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ரத்தத்தில் கிருமி என்றதும் ரத்தம் முழுக்கப் புழு நெளிவதுபோல ஒரு படம் நம் மனதில் வரும். அப்படி இல்லை. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறத்தாழ 500 கோடி சிவப்பணுக்கள் இருக்கின்றன. கடுமையான ரத்தத் தொற்று வந்து ஐசியூவில் கிடக்கும் பெரியவர் ஒருவரின் அதே ஒரு மில்லியில் பல சமயம் ஒரே ஒரு பாக்டீரியாதான் இருக்கும், சில சமயம் அதுகூட இருக்காது. அதனால்தான் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி, இரண்டு கைக்கும் சேர்த்து 40 மில்லி வரை ரத்தம் எடுக்கிறோம், “இம்புட்டு ரத்தத்த எடுத்து என்ன செய்யுவாவ” என்று சொந்தக்காரர்கள் எங்களைத்தான் வைவார்கள். இத்தனை மில்லியில் மொத்தமே எளிதாக எண்ணிவிடக்கூடிய அளவு கிருமிகள்தான் என்றால், உங்கள் நாலு கேப்சூல் நோயைக் குணப்படுத்தியாக வேண்டும் என்றுகூட இல்லை, இந்தக் கொஞ்சத்தைத் தலை தூக்க விடாமல் செய்தால் போதும், பாட்டில் ஊமையாகிவிடும். காலில், ஈரலில், மண்ணீரலில் உட்கார்ந்திருப்பது அப்படியே இருக்கும். வட அமெரிக்காவில் ஏழு ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளில் 325 பேரிடம் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பு ஒருமுறையும், கொடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் மறுமுறையும் ரத்தம் எடுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டார்கள். முன்பு எடுத்ததில் நூற்றுக்கு 31 பேருக்குக் கிருமி வளர்ந்தது, பின்பு எடுத்ததில் 19 பேருக்குத்தான். இரண்டே மணி நேரம்! மாமா ஒன்றரை நாளாகக் கேப்சூல் சாப்பிட்டிருந்தார். அதிலும் உங்கள் கடைகளில் அதிகம் போகிற அசித்ரோமைசின் இருக்கிறதே, அது உடம்பில் பாதி குறையவே கிட்டத்தட்ட மூன்று நாள் ஆகும்; “போன வாரம் சாப்பிட்டது, அதெல்லாம் போயிருக்கும்” என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

ரத்தத்துக்குள் கிருமி என்ன செய்கிறது என்பதை மனிதரைக் கொண்டு தெரிந்துகொள்ள முடியாது, யார் உடம்பில் எப்போது எத்தனை நுழைந்தது என்று யாருக்கும் தெரியாதே. அதைச் சொல்லிக் கொடுத்தவை முயலும் எலியும் மாடும்தான். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பூதப்பாண்டிப் பக்கம் ஆச்சி வீட்டில் ஒரு எருமைக் கிடாரி இருந்தது. ஜூன் மாதம், மழை பிடித்த நேரம். காலையில் தண்ணீர் குடிக்கவில்லை, தொண்டை வீங்கியிருந்தது, வாயில் நுரை, மூச்சு கர்கர் என்று இழுத்தது. சாயங்காலம் விழுந்துவிட்டது. தொண்டை அடைப்பான். கால்நடை டாக்டர் வந்து காது நுனியில் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனதும், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைக்கச் சொன்னதும், ஆச்சி தொழுவத்து வாசலிலேயே உட்கார்ந்திருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சொட்டில் அவர் என்ன பார்த்திருப்பார் என்பது கல்லூரியில் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தபோதுதான் புரிந்தது. பாஸ்டுரெல்லா. இரண்டு முனையில் மட்டும் சாயம் ஏறி நடு வெளுத்து, சின்னச் சின்ன சேஃப்டி பின் மாதிரி இருக்கும். செத்த மாட்டின் ரத்தத்தையோ எலும்பு மஜ்ஜையையோ வெள்ளைச் சுண்டெலிக்கு ஊசியில் ஏற்றினால் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அந்த எலி செத்துப்போகும், அதன் ரத்தத்திலும் அதே சேஃப்டி பின்கள் நிறைந்து கிடக்கும். நோயை உறுதிசெய்ய அப்படி ஒரு சோதனையே உண்டு. ஆச்சியின் எருமை போன்ற கேஸில் கடைசி நேரத்தில் ரத்தம் உண்மையிலேயே கிருமிக் கஞ்சி. நம் மனதில் இருக்கும் படம் அங்கே இருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

ஆனால் அது கடைசிக் காட்சி. முதல் காட்சி வேறு மாதிரி. 1886-லேயே விசோகோவிச் என்பவர் முயல் போன்ற பிராணிகளின் நரம்பில் நேரடியாகக் கிருமிகளை ஏற்றிவிட்டு, நேரம் விட்டு நேரம் ரத்தம் எடுத்துப் பார்த்தார். ரத்தத்தில் இருந்து அவை வேகமாகக் காணாமல் போயின. தேடிப் பார்த்தால் ஈரலிலும் மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருந்தன. அங்கே ரத்தக்குழாயின் ஓரத்திலேயே உட்கார்ந்திருக்கும் விழுங்கு செல்கள், செக்போஸ்ட் போலீஸ் மாதிரி, வருகிறவனை எல்லாம் பிடித்துப் போட்டுவிடுகின்றன. களியக்காவிளை செக்போஸ்ட்டை நினைத்துக்கொள்ளுங்கள், லாரிகள் எல்லாம் நிற்கும். ஆனால் எல்லா லாரியும் நின்றுவிடுமா என்ன?

நிற்காது என்று காட்டியது 1978-இல் வந்த ஒரு வேலை, மோக்சன், மர்பி என்ற இருவருடையது. ஹீமோஃபிலஸ் என்ற பாக்டீரியாவில் இரண்டு வகையை எடுத்தார்கள். ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குச் சாகும், மற்றது சாகாது, மற்றபடி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டையும் கலந்து எலிக்குஞ்சுகளின் மூக்கில் விட்டார்கள். கூட்டமாக நுழைந்து கூட்டமாகப் பெருகுகிறது என்றால் ரத்தத்தில் இரண்டு வகையும் கலந்துதானே இருக்க வேண்டும்? ஆனால் பல குஞ்சுகளின் ரத்தத்தில் அந்த வகை மட்டும் இருந்தது, இல்லையென்றால் இந்த வகை மட்டும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரே முடிவுதான் வருகிறது: அத்தனை பேரில் தப்பியது ஒற்றை ஆள், அதன் வாரிசுகள்தான் ரத்தம் முழுக்க. இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றே ஒன்று!

தப்பும் அந்த ஒன்று எங்கே ஒளிந்துகொள்கிறது என்பதை 2018-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தார் நிமோனியா உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை வைத்துக் காட்டினார்கள். சுண்டெலியின் நரம்பில் பத்து லட்சம் கணக்கில் ஏற்றினாலும் சில மணி நேரத்தில் ரத்தம் கிட்டத்தட்டச் சுத்தமாகிவிடுகிறது. பார்க்கிறவனுக்கு எலி பிழைத்துவிட்டது என்றே தோன்றும். ஆனால் மண்ணீரலில், பிடித்துத் தின்ன வேண்டிய அந்த விழுங்கு செல்லுக்குள்ளேயே, ஒன்றிரண்டு சாகாமல் உட்கார்ந்து பெருகுகின்றன. போலீஸ் ஸ்டேஷனுக்குள்ளேயே கள்ளன் குடித்தனம் நடத்துகிற மாதிரி. பெருகிப் பெருகி அந்த செல் வெடிக்கிறது, கிருமிகள் மறுபடி ரத்தத்தில் இறங்குகின்றன, இந்தத் தடவை தடுக்க ஆள் இல்லை. மாமாவின் ஞாயிற்றுக்கிழமை காலையை நினைக்கும்போதெல்லாம் அந்தச் சுண்டெலிதான் எனக்கு ஞாபகம் வருகிறது. அவருக்கும் இதேதான் நடந்தது என்று சாதிக்க மாட்டேன், காய்ச்சல் மாத்திரை மட்டுமே அந்த அளவுக்குச் சூட்டை இறக்கிவிடும். ஆனால் காய்ச்சல் இறங்கிய அந்தச் சில மணி நேரத்தைக் குணம் என்று எடுத்துக்கொண்டோமே, அதுதான் மனதில் அறுக்கிறது.

பெருகும் வேகத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்ல சாப்பாடும் சூடும் இருந்தால் ஈகோலை என்ற குடல் பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒன்று இரண்டு, இரண்டு நாலு. மாலை எட்டு மணிக்கு ஒன்று என்றால் காலை ஆறு மணிக்கு முப்பது தடவை இரட்டித்து 107 கோடி. இது பாட்டிலில். உடம்பில் அவ்வளவு சுகம் கிடையாது, வெள்ளணு துரத்தும், சாப்பாடும் இரும்புச்சத்தும் எளிதில் கிடைக்காது, அதனால் மெதுவாகத்தான் பெருகும், பெருகுவதில் பாதிக்கு மேல் செத்தும் போகும். ஆனாலும் நீங்கள் ஷட்டரை இறக்கிவிட்டுப் போய், மறுநாள் வந்து திறக்கிற அந்த இடைவெளி சின்ன இடைவெளி இல்லை.

இரும்பு என்றதும் நம் கடற்கரைக்காரர்களுக்காக ஒன்று. கடலிலும் பொழிமுகத்திலும் வெதுவெதுப்பான தண்ணீரில் விப்ரியோ வல்னிஃபிகஸ் என்று ஒரு கிருமி வாழ்கிறது, புண் வழியாக நுழையும். நம் ரத்தத்தில் இரும்பு நிறைய உண்டு, ஆனால் எல்லாம் பூட்டித்தான் இருக்கும், கிருமிக்குச் சாவி கிடைக்காது. 1981-இல் சுண்டெலிகளில் செய்து பார்த்தார்கள். சாதாரண எலியைக் கொல்ல ஏறத்தாழப் பத்து லட்சம் விப்ரியோ தேவைப்பட்டது. முன்கூட்டியே இரும்பு ஊசி போட்ட எலிக்கு ஒன்று, ஏறக்குறைய ஒரே ஒன்று, போதுமாக இருந்தது. ஈரல் கெட்ட மனிதர்களில் இந்தப் பூட்டு தளர்ந்துவிடுகிறது, விப்ரியோ அவர்களைத்தான் தேடிக் கொல்கிறது. மாமா குடிப்பார். ஈரல் கொஞ்சம் கெட்டுத்தான் இருந்தது என்று அங்கே ஸ்கேனில் சொன்னார்கள். அது விப்ரியோவாக இருந்திருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம். தெரிந்துகொள்ள ஒரே வழி அந்தப் பாட்டில்தான், அது பேசவில்லை.

எலியை வைத்து எல்லாம் சொல்லிவிட முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஈகோலை போன்ற கிருமிகளின் மேல்தோலில் இருக்கும் விஷப்பொருளை மனிதருக்கு எடையில் கிலோவுக்கு 2 முதல் 4 நானோகிராம் கொடுத்தாலே குளிரும் காய்ச்சலும் வந்துவிடும். சுண்டெலி அதைவிட ஆயிரக்கணக்கான மடங்கைத் தாங்கிக்கொண்டு ஓடும். அதனால் எலியில் நோய் வரவைக்கக் கோடிக்கணக்கில் ஏற்ற வேண்டியிருக்கிறது, நமக்கோ மில்லிக்கு ஒன்று இருந்தாலே ரத்த அழுத்தம் விழுந்துவிடுகிறது. எலிக்காய்ச்சலையே பாருங்கள்: வயல் எலி அந்தக் கிருமியை மூத்திரத்தில் விட்டுக்கொண்டு சொகமாக அலைகிறது, அந்தத் தண்ணீரில் கால் வைத்த நமக்குச் சிறுநீரகம் போகிறது, சோதனைச்சாலையில் ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற பிராணி செத்தே போகிறது. (எலிக்காய்ச்சல் கிருமி எங்கள் சாதாரண பாட்டிலில் வளராது. அதற்கு வேறு டெஸ்ட். கல்ச்சர் நெகட்டிவ் என்றதும் எலிக்காய்ச்சலும் இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு, அதனால் சொல்கிறேன்.)

ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று சொல்கிறேன் என்று யாரும் திரித்துவிடக் கூடாது. ரத்தத்தில் கிருமி ஏறி அழுத்தம் விழுந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போக வேண்டும், தாமதித்தால் உயிர் போகும். ரத்தம் எடுக்க ஐந்து நிமிடம், எடுத்த கையோடு ஊசி. 1940 மே 25-இல் ஆக்ஸ்போர்டில், பென்சிலினை மருந்தாக்கிய ஃப்ளோரியின் குழு எட்டு எலிகளுக்கு 11 கோடி ஸ்ட்ரெப்டோகாக்கஸை ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து நாலுக்கு மட்டும் பென்சிலின் கொடுத்தது. ராத்திரி முழுக்க ஹீட்லி என்ற விஞ்ஞானி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். விடிவதற்குள் மருந்து கொடுக்காத நாலும் செத்துவிட்டன, கொடுத்த நாலும் உயிரோடு இருந்தன. உங்கள் தொழிலே ஒருவிதத்தில் அந்த ராத்திரியில் இருந்துதான் ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தோன்றும். அடுத்த வருடமே அதே ஊரில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு அதைக் கொடுத்தார்கள். முகமெல்லாம் சீழ் பிடித்துக் கிடந்தவர் நாலைந்து நாளில் எழுந்து சாப்பிட்டார். மருந்து தீர்ந்துபோயிற்று. அவர் மூத்திரத்தில் இருந்துகூட வடித்தெடுத்துக் கொடுத்துப் பார்த்தார்கள், போதவில்லை, 1941 மார்ச் 15-இல் இறந்துபோனார். அன்றைக்கு உலகத்திலேயே மருந்து இல்லை. இன்றைக்கு உங்களுக்குப் பின்னால் அலமாரி நிறைய இருக்கிறது, நாமாகத்தான் ஸ்ட்ரிப்பைக் கத்தரியால் வெட்டி நாலு கொடுக்கிறோம்.

சட்டம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். செஃபிக்சைம் போன்றவை 2014 மார்ச் முதல் ஹெச்1 அட்டவணையில், சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, தனி ரெஜிஸ்டர், மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். ஸ்ட்ரிப்பில் சிவப்புக் கோடும் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 2024-இல் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்று கிளம்பிக் கடை கடையாகச் சோதித்தார்கள். நம் பக்கத்தில் அந்தச் சிவப்புக் கோடு என்றால் ஏதோ டிசைன் என்று நினைக்கிறவர்களே அதிகம். இன்னொன்றும் உண்டு, ஆட்டுக்கும் கோழிக்கும் உங்கள் கடையிலேயே மனுசர் கேப்சூலை வாங்கிப்போய் உடைத்துத் தவிட்டில் கலந்து கொடுக்கிறார்கள். என் பக்கத்து வீட்டு மயினியே செய்கிறாள், சொன்னால், “கோழிக்கு டாக்டரா வப்பாவ?” என்கிறாள். பதில் எனக்கும் தெரியவில்லை. கோலிஸ்டினை உணவுக்கு வளர்க்கும் பிராணிகளுக்குக் கொடுப்பதை 2019-இல் தடை செய்தார்கள், மனிதருக்குக் கடைசியாகக் கைகொடுக்கிற மருந்துகளில் ஒன்று அது.

எங்கள் பக்கமும் யோக்கியம் என்று சொல்ல மாட்டேன். பத்து மில்லி வேண்டிய இடத்தில் இரண்டு மில்லியோடு பாட்டில் வரும். தோலைச் சரியாகத் துடைக்காமல் குத்தி, தோல் கிருமி வளர்ந்து, அதற்கு ஒரு வாரம் ஆன்டிபயாட்டிக் ஓடும். ராத்திரி எடுத்த பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து, ஏதோ தயிர் மாதிரி, மறுநாள் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். குளிரில் வைக்கவே கூடாது. அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும், அதைக் கொஞ்சம் காரமாக.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். காய்ச்சலோடு வருகிறவருக்குப் பல் அடிக்கிற குளிர் நடுக்கம் இருக்கிறதா, பேச்சு தடுமாறுகிறதா, மூச்சு வாங்குகிறதா, கை கால் சில்லிட்டிருக்கிறதா, சிறுநீர் சரியாகப் போகவில்லையா, புண்ணைச் சுற்றிச் சிவப்பு மேலே ஏறுகிறதா அல்லது கருப்பாகக் கொப்புளம் கட்டுகிறதா என்று கவுண்டரில் நின்றபடியே கேட்டுவிடலாம், அரை நிமிடம் ஆகாது. சர்க்கரைக்காரர், ஈரல் கெட்டவர், டயாலிசிஸில் இருக்கிறவர், பிள்ளை பெற்றுச் சில நாளே ஆனவர், பச்சைக் குழந்தை என்றால் இதில் ஒன்று இருந்தாலே போதும். அவர்களுக்குக் கேப்சூல் வேண்டாம், காய்ச்சல் மாத்திரை ஒன்று கொடுத்து, ஆசாரிப்பள்ளமோ தக்கலையோ குழித்துறையோ, எந்த அரசு ஆஸ்பத்திரி பக்கமோ அங்கே அப்போதே ஆட்டோ ஏற்றிவிடுங்கள். உங்கள் வாயால் சொன்னால் போவார்கள், நான் சொன்னால் போக மாட்டார்கள்.

அப்புறம், எப்படியும் சில நேரம் கொடுத்துத்தான் அனுப்புவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் துண்டுத்தாள் அடித்து வைத்திருக்கிறேன், உள்ளங்கை அளவு, கட்டுக்கு நூறு. நாலே வரி: மாத்திரையின் பேர், எத்தனை மில்லிகிராம், எத்தனை கொடுத்தீர்கள், முதல் மாத்திரை எந்த நேரம். கடைப் பேர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். கவரோடு போட்டுக் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அதைக் காட்டச் சொல்லுங்கள். அந்தத் தாள் வந்தால் ஆன்டிபயாட்டிக்கை உறிஞ்சிக்கொள்ளும் குருணை போட்ட பாட்டில் எங்களிடம் இருக்கிறது, அதில் ஏற்றுவோம். வளரவில்லை என்றாலும் அந்த ‘இல்லை’யை டாக்டர் முழுசாக நம்ப மாட்டார். மாமாவின் கேப்சூல் கவர் ஐந்தாவது நாள்தான், மாமி துவைக்கப் போட்ட சட்டைப் பையில் இருந்து கிடைத்தது. மேலே பேர் எதுவும் எழுதியிருக்கவில்லை, பாதி சிவப்பு பாதி கருப்பாக ஒன்று மிச்சம் இருந்தது.

வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டியில் தக்கலை, இரணியல், திங்கள்நகர் வழியாகக் குளச்சல் வரை ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கலாம் என்றிருக்கிறேன். ஒரு கட்டு வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். பேனாவும் நூலில் கட்டியே தருகிறேன், உங்கள் கடைப் பேனா ஒன்றுகூட எழுதாது என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பாட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் இருந்து ஒருத்தி